சாப்பிடவா... பார்சலா?

தமிழ்நாட்டில் எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும், நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடும்.

"சாப்பிடவா, பார்சலா?"

நெய்வேலிக்குப் பக்கத்தில் முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு சின்ன டிபன் கடையில் கேட்டாலும் இதே கேள்விதான், சென்னை சரவணபவனில் கேட்டாலும் இதே கேள்விதான். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும், பிஎச்.டி. முடித்தவருக்கும் புரியும். இவ்வளவு சுலபமான ஒரு சொல்லைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் நிறையவே இருக்கிறது நண்பர்களே. ஒரு இடத்தில் சரியாக இருக்கும் சொல் இன்னொரு இடத்தில் சிரிப்பை வரவழைக்கிறது. வேறொரு இடத்தில் மனதைக் காயப்படுத்தவும் செய்கிறது.

முதலில் கொஞ்சம் இலக்கணம். பயப்பட வேண்டாம், தொல்காப்பியம் வரை போகப்போவதில்லை!

ஒரே எழுத்து, கேள்வியும் அதுவே பதிலும் அதுவே

"பார்சலா?" என்று கல்லாவில் இருப்பவர் கேட்கிறார். "பார்சலா" என்று வாங்க வந்தவர் பதில் சொல்கிறார். இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது? ஆனால் முதலில் வரும் 'ஆ' கேள்விக்கான 'ஆ'. இரண்டாவதாக வருவது 'பார்சலாகக் கொடுங்கள்' என்பதில் உள்ள 'ஆக', பேச்சில் தேய்ந்து 'ஆ' ஆகிவிட்டது. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே எது கேள்வி, எது பதில் என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. தமிழ் கற்றுக்கொள்ளும் வெளிநாட்டுக்காரருக்கு இது புரிய ஆறு மாதம் ஆகும்.

அடுத்து எண். இதில்தான் வீட்டில் சண்டையே வருகிறது.

"நாலு இட்லி பார்சல்" என்றால் நாலு இட்லியும் ஒரே கட்டில் வரும். "இட்லி நாலு பார்சல்" என்றால்? நாலு கட்டு என்று மாஸ்டர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அனுபவம் உள்ளவராக இருந்தால், "ஒண்ணாவாண்ணே, தனித்தனியாவா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவார். அனுபவம் இல்லாதவர் என்றால் கட்டி முடித்த பிறகுதான் விஷயம் தெரியும். எண்ணை எதற்கு முன்னால் வைக்கிறோமோ அதைத்தான் எண்ணுகிறோம். அவ்வளவுதான் விதி.

"ஒரு சாப்பாடு பார்சல்", "ஒரு பார்சல் சாப்பாடு" இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் விலைப்பலகையில் 'பார்சல் சாப்பாடு' என்று தனியாக எழுதியிருந்தால் அது ஒரு தனிப் பண்டத்தின் பெயர். அதற்கு விலையும் தனி. இலை போட்டு உட்கார்ந்தால் மறுசோறு கேட்கலாம், ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று வாங்கிக்கொள்ளலாம். கட்டிக் கொடுத்துவிட்டால் மறுசோறுக்கு வழியில்லை. அதனால் பல கடைகளில் பார்சல் சாப்பாட்டில் சோறு கூடுதலாகவே வைப்பார்கள். ஒரு பார்சல் வாங்கி இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடும் ஹாஸ்டல் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும் :-)

இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா? 'பார்சல்கள்' என்று யாருமே சொல்வதில்லை. "அஞ்சு பார்சல்" தான். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லாக இருந்தாலும், தமிழ்ப் பேச்சின் வழக்கத்துக்கு அது எப்போதோ அடங்கிவிட்டது.

வினைச்சொல்லிலும் நுணுக்கம் உண்டு. "பார்சல் சொல்லிட்டேன்" என்றால் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, இன்னும் கைக்கு வரவில்லை. "பார்சல் கட்டுங்க" என்பது வாழையிலையும் மந்தாரை இலையும் நூலும் இருந்த காலத்திலிருந்து வரும் பேச்சு. இப்போது டப்பாவில் போட்டு மூடினாலும் 'கட்டு' என்றே சொல்கிறார்கள். "பார்சல் பண்ணிடுங்க" என்று சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் சொன்னால், தட்டில் தொடாமல் மீந்ததைச் சொல்கிறார் என்று சப்ளையருக்குப் புரிந்துவிடும். "பார்சலுக்குத் தனியா அஞ்சு ரூபா" என்றால் அது சாப்பாட்டுக்கான காசு இல்லை, டப்பாவுக்கான காசு.

சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாமலும் இந்தச் சொல் உலவுகிறது. ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ், ஊருக்கு ஊர் லாரி பார்சல் சர்வீஸ். சென்னையில் வேலை சரிப்படாமல் திரும்பி வந்தவனை, "ஊருக்கே பார்சல் பண்ணிட்டாங்கடா" என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள்.

வீட்டிலிருந்து வெளியே, வெளியிலிருந்து வீட்டுக்கு

'பார்சல்' ஆங்கிலம்தானே, தமிழில் சொன்னால் என்ன என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? கட்டுச்சோறு இருக்கிறது, கட்டமுது இருக்கிறது, பொதிசோறு இருக்கிறது. வழியில் உண்பதற்கான உணவுக்கு 'ஆற்றுணா' என்று ஒரு பழைய சொல்லும் உண்டு. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு.

முத்தாண்டிக்குப்பத்துக்காரர்கள் இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் பண்ருட்டி. அதை ஒட்டிய திருவாமூரில்தான் அப்பர் பிறந்தார். அவர் பசியோடு நடந்து வந்தபோது, திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் சிவபெருமான் ஓர் அந்தணர் வடிவில் வந்து பொதிசோறு கொடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரருக்கும் திருக்குருகாவூரில் இதே போல நடந்ததாக ஒரு வரலாறு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய நூலிலேயே வழிநடைக்காரனின் பசிக்கு ஒரு பொதி கிடைத்துவிட்டது!

அப்படியென்றால் பார்சலுக்குப் பதில் கட்டுச்சோறு என்று சொல்லிவிடலாமா? முடியாது. காரணம், இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

கட்டுச்சோறு வீட்டிலிருந்து வெளியே போவது. கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே புளியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறிய புளியோதரை அதில் முதலிடம் பிடித்தது. கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்தனுப்பும் கட்டுச்சாதக் கூடையும் இதே வகைதான். சமைத்தவர் வீட்டில் இருக்கிறார், சாப்பிடுபவர் பயணத்தில் இருக்கிறார்.

பார்சல் அப்படி இல்லை. சமைத்தவர் கடையில் இருக்கிறார், சாப்பிடுபவர் பெரும்பாலும் வீட்டிலோ அறையிலோ இருக்கிறார். வெளியே போனவர் உள்ளே இருப்பவருக்காக வாங்கி வருவது அது.

நெய்வேலிப் பக்கத்தில் இந்த இரண்டு திசைகளையும் ஒரே சாலையில் பார்க்கலாம். 1956ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957ல் சுரங்க வேலை ஆரம்பமாகி, 1961ல் நிலக்கரி கிடைத்தது. அதன் பிறகு வந்ததுதான் ஷிப்ட் வாழ்க்கை. முந்திரிக் கொல்லையும் பலாவும் இருந்த ஊர்களிலிருந்து ஆட்கள் தூக்குச்சட்டியிலும் டிபன் கேரியரிலும் சோறு எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்கள். அது கட்டுச்சோறு. ஷிப்ட் முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும்போது வழியில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, ரெண்டு செட் பரோட்டா பார்சல். சால்னா தனியா" என்று வாங்கினால் அது பார்சல். போகும்போது வீட்டுச் சோறு வெளியே போகிறது, வரும்போது கடைச் சோறு வீட்டுக்கு வருகிறது. ஒரே மனிதர், ஒரே நாள், ஆனால் இரண்டு சொற்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பொருந்தாது.

காசு கொடுத்தால் பார்சல், கொடுக்காவிட்டால்...

சரி, 'பொட்டலம்' என்று சொல்லலாமே? நல்ல சொல்தான். சுண்டல் பொட்டலம், விபூதிப் பொட்டலம், பூப் பொட்டலம் என்று அன்றாடம் புழங்குவதுதான். ஆனால் சாப்பாட்டோடு சேரும்போது அதற்கு ஒரு வேறு நிழல் வந்துவிடுகிறது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் பெருமளவில் சாய்ந்தன. பலா காய்க்கப் பல வருடங்கள் ஆகும். விழுந்தது மரம் மட்டுமில்லை, பல குடும்பங்களின் வருமானமும்தான். பிறகு 2015 மழையில் கடலூர் மாவட்டம் மறுபடியும் மூழ்கியது. அந்த நாட்களின் செய்தித்தாள்களை எடுத்துப் பாருங்கள். 'உணவுப் பொட்டலங்கள் வழங்கப்பட்டன' என்றுதான் இருக்கும். 'பார்சல்கள் வழங்கப்பட்டன' என்று இருக்காது.

அதே சாம்பார் சாதம், அதே புளி சாதம். போன வாரம் காசு கொடுத்து வாங்கியபோது பார்சல். இந்த வாரம் வரிசையில் நின்று கை நீட்டியபோது பொட்டலம். உள்ளே இருப்பது மாறவில்லை, வாங்குபவரின் நிலைமைதான் மாறியிருக்கிறது. தன் கொல்லையில் பத்துப் பேருக்குக் கூலி கொடுத்தவர் ஒரே இரவில் பொட்டலம் வாங்கும் வரிசைக்கு வந்து நிற்கும்போது, அந்தச் சொல் அவர் காதில் எப்படி விழும்? எழுதுகிறவர்கள் யாரையும் தாழ்த்த நினைத்து எழுதுவதில்லை. ஆனாலும் சொல் தன் வேலையைச் செய்துவிடுகிறது.

பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் ஒரு பெரியவருக்கு இரவில் இட்லி வாங்கிக் கொடுக்கும் இளைஞர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "ஐயா, இட்லி பார்சல் இருக்கு, சாப்பிடறீங்களா?" என்று கேட்பதற்கும், "இந்தா, பொட்டலம்" என்று நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லைச் 'சரியாக'ப் பயன்படுத்துவது என்பதில் இதுவும் சேர்த்தி.

'பார்சல்' என்ற சொல்லே கசக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த வெட்கக்கேடு. ஒரு மனிதர் உட்கார்ந்து சாப்பிட விரும்பி உள்ளே வரும்போது, பெஞ்ச் காலியாக இருந்தும், அவரைக் கேட்காமலே சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொடுத்தால் அதற்குப் பெயர் பார்சல் இல்லை. 'வெளியே போ' என்பதைத்தான் இலையில் சுற்றிக் கொடுக்கிறார்கள். "சாப்பிடவா, பார்சலா?" என்ற கேள்வியின் அழகே அந்த முதல் பாதியில்தான் இருக்கிறது. எவரிடமும் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பதில் சொல்வது வாங்குபவரின் உரிமை.

அரசாங்கமும் சொன்ன சொல்

பேச்சு வழக்குச் சொல் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தது, பார்சலுக்கு மட்டுமே அனுமதி. 2021 மே மாதம் இரண்டாவது அலையிலும் அதே கதை. அறிவிப்புகளிலும் செய்திகளிலும் 'பார்சல் சேவை மட்டும்' என்றே வந்தது. அந்த நேரத்தில் போய் எல்லோருக்கும் புரியாத புதுச்சொல் ஒன்றைப் போட்டிருந்தால் எத்தனை குழப்பம் வந்திருக்கும்! கடை வாசலில் கயிறு கட்டி, 'பார்சல் மட்டும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு எத்தனையோ சின்னக் கடைகள் அந்த மாதங்களைத் தள்ளின. அந்த இரண்டு சொற்களில்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. சாம்பாரையும் சட்னியையும் கேரி பேக்கில் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி நூலால் இறுக்கும் பார்சல் மாஸ்டரின் வித்தைக்கு வந்த சோதனை அது. "பாத்திரம் கொண்டு வாங்க" என்று கடைகளில் எழுதி வைத்தார்கள். செய்தித்தாளில் உணவைக் கட்டுவதும் 2018ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கூடாது, மையில் உள்ள ரசாயனம் உணவில் இறங்கும். தடைகள் வந்த வேகத்தில் பழக்கம் மாறிவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பாத்திரம் கொண்டுபோய் வாங்கி வந்தாலும் அது பார்சல்தான். கட்டும் இலை போய், நூல் போய், கவர் போன பிறகும் சொல் மட்டும் நிற்கிறது.

கடல் தாண்டினால்

இங்கேதான் படித்து முடித்து வெளியூர் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

லண்டனில் ஒரு கடையில் போய் ஆங்கிலத்தில் 'பார்சல்' என்று கேட்டால், தபாலில் வந்த பெட்டியைத் தேடுகிறார் என்று நினைப்பார்கள். அங்கே 'டேக் அவே'. அப்படி விற்கும் கடைக்கும் அதே பெயர்தான். அமெரிக்காவில் 'டு கோ'. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'தாப்பாவ்', சீன மொழியிலிருந்து வந்தது, சுற்றிக் கட்டுவது என்று பொருள். மலாயில் 'புங்குஸ்', அதற்கும் அதே பொருள்தான். வேலைக்குப் போன நம்மூர்க்காரர்கள் ஒரு வாரத்தில் இவற்றைப் பழகிவிடுகிறார்கள். வட இந்தியப் பக்கம் 'பேக் கர் தோ' என்றால் போதும்.

கேரளத்தில் பொதிச்சோறு என்று வாழையிலையில் கட்டியது இன்றும் மணக்கிறது. இலங்கைத் தமிழில் 'உணவுப் பொதி' என்பது செய்திகளில் அன்றாடம் வரும் சொல். அதாவது, அப்பருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் அந்தப் 'பொதி' காணாமல் போகவில்லை. தமிழ்நாட்டில் வழக்கிழந்தது, பக்கத்து வீடுகளில் பத்திரமாக இருக்கிறது.

லண்டனில் 'பார்சல்' என்று கேட்டுச் சங்கடப்பட்ட மாணவர்களைப் பார்த்து, "உனக்கு இங்கிலீஷே தெரியல" என்று சிரிப்பவர்கள் உண்டு. கிராமத்திலிருந்து, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு இந்தச் சிரிப்பு நீண்ட நாள் வலிக்கும். அடுத்த முறை கடையில் வாயே திறக்காமல், மெனுவில் விரலை வைத்துக் காட்டி வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் தப்பில்லை. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் அதை அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். ஊர் மாறியது, கேட்பவர் மாறினார், அவ்வளவுதான். ஸ்காட்லாந்துக்காரர் இதையே 'கேரி அவுட்' என்கிறார். அதற்காக அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகமும் சுவாரஸ்யமானது. 'சின்னப் பங்கு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலச் சொத்துப் பத்திரங்களில் இன்றும் ஒரு நிலத்துண்டுக்கு 'பார்சல்' என்றே எழுதுகிறார்கள். அங்கே தபால் பெட்டியாகிப்போன சொல், ஒருவருக்குரிய பங்கு என்ற பழைய பொருளின் பக்கத்தில் தமிழ்நாட்டு ஓட்டலில் வந்து நிற்கிறது. கல்லாவில் நின்று, "வீட்ல அம்மா இருக்காங்க, அவங்களுக்கு ஒரு தோசை பார்சல்" என்று சொல்பவர் வேறென்ன சொல்கிறார்? இங்கே இல்லாத ஒருவரின் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள் என்றுதானே!

'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும்?' என்று ஒரு பழமொழி உண்டு. சோற்றையும் சொல்லையும் ஒரே கட்டாகக் கட்டிய பழமொழி. எந்த ஊரில் என்ன சொல்வது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் அது கட்டிக் கொடுத்த சோறுதான், ரெண்டு நாளில் தீர்ந்துவிடும். வரிசையில் முன்னால் நிற்பவர் என்ன சொல்லி வாங்குகிறார் என்று காதைக் கொடுத்துக் கேட்டால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம்.

இனி இட்லி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். எண்ணை எங்கே வைக்கிறீர்கள் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். ஒண்ணாவா, தனித்தனியாவா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் மாஸ்டருக்கு ஒரு கேள்வி மிச்சம். சட்னி தனியா என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்!